பச்சையாகிப்போன வீட்டு நீச்சல் குளம்: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் கொல்லைக் கதவைத் திறந்தபோது குளம் பச்சையாகக் கிடந்தது. மூன்று நாளாக மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. சவுக்கு இலையும் தென்னம்பூவும் கூரைத் தண்ணீரும் தாராளமாக விழுந்திருந்தன. போன வாரம் அடியிலுள்ள நீல ஓடுகளை எண்ணிவிடலாம்போல் இருந்த தண்ணீர், ஊர்த் தெப்பக்குளத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் குளத்தோடு வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி.

உடனே இரண்டு யோசனைகள் தோன்றும். முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம் என்பது ஒன்று. குளோரின் மாத்திரைகளை அள்ளிப் போடலாம் என்பது இன்னொன்று. முதலாவது மழைக்காலத்தில் ஆபத்தானது. கடலோர மணலில் நிலத்தடி நீர் அப்போது தரைக்கு மிக அருகில் நிற்கும். குளத்திலுள்ள தண்ணீரின் எடைதான் தொட்டியை மண்ணோடு அழுத்தி வைத்திருக்கிறது. அதை இறைத்துவிட்டால் அடியிலிருந்து நிலத்தடி நீர் தொட்டியை மேலே தள்ளும். கான்கிரீட்டில் விரிசல் விழும், ஃபைபர் தொட்டி அப்படியே எழும்பிவிடும். இரண்டாவது யோசனை ஏன் தவறு என்பதைச் சற்றுப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல குளங்கள் பச்சையாவதே அந்த மாத்திரையால்தான்.

பச்சை நிறத்தை மட்டும் பார்த்து மருந்து போடக் கூடாது. தண்ணீர் கலங்கியிருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா, இரவில் ஊற்றிய குளோரின் காலையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் அளவும் பாதுகாப்பும்

உங்கள் குளம் எத்தனை லிட்டர் என்பது தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் வரும். எங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம்; ஆழம் ஒரு பக்கம் 1.1, மறுபக்கம் 1.6, சராசரி 1.35. ஆக 43,200 லிட்டர். கீழே வரும் கணக்கெல்லாம் இந்தக் குளத்துக்கு. உங்களுடையது பாதி என்றால் அளவையும் பாதியாக்கிக் கொள்ளுங்கள்.

குளோரினை பி.பி.எம். என்ற அளவில் பேசுவார்கள். ஒரு பி.பி.எம். என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். 43,200 லிட்டரில் ஒரு பி.பி.எம். உயர்த்த 43 கிராம் குளோரின் வேண்டும். பத்துச் சதவீத வலுவுள்ள திரவக் குளோரினில் அது சுமார் 430 மில்லி. 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையில் சுமார் 66 கிராம். முப்பது சதவீதப் பிளீச்சிங் பவுடரில் சுமார் 145 கிராம். கேனின் மேல் எழுதியிருக்கும் வலு, தயாரித்த அன்றைக்கு இருந்த வலு. நம் ஊர் வெயிலில் கடை வாசலில் கிடந்த திரவக் குளோரின் சில வாரங்களிலேயே பாதி வலுவை இழந்துவிடும். தயாரிப்புத் தேதி பார்த்து, நிழலில் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். பிளீச்சிங் பவுடரும் கடற்காற்றின் ஈரத்தில் செத்துப்போகும். கட்டி பிடித்த மூட்டை வேண்டாம்.

இனி வருவது கட்டளை. அமிலமும் குளோரினும் ஒன்றோடொன்று சேரக் கூடாது; சேர்ந்தால் எழும்பும் வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும். மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையும் ஒரே வாளியையோ கரண்டியையோ பார்க்கக் கூடாது. அவை கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கேனைத் திறக்காதீர்கள். அடித்தளம் தெரியாத குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. பச்சைத் தண்ணீரில் ஒரு குழந்தை மூழ்கினால் ஓரடி தள்ளி நிற்பவருக்கும் தெரியாது. குளம் தெளியும்வரை அந்தப் பக்கக் கதவைப் பூட்டி வையுங்கள்.

அறிகுறி: இளம்பச்சை, அடித்தளம் தெரிகிறது, சுவர் வழுக்குகிறது

இது தொடக்கநிலை. சுவரில் கை வைத்தால் வழவழப்பு தெரியும். படிக்கட்டின் மூலையில் பசுமை முதலில் தலைகாட்டும். இப்போதே கவனித்தால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். சுவர் முழுவதையும் தேய்த்து, மாலையில் குளோரினை உயர்த்தி, இரவு முழுக்க மோட்டாரை ஓட விடுங்கள். எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு அடுத்த பகுதியில் சொல்லும் கணக்கே இதற்கும்.

அறிகுறி: கரும்பச்சை, கலங்கல், அடியில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை

முதல் வேலை மருந்து அல்ல, வலை. அடியில் படிந்திருக்கும் இலையும் பாளையும் மக்கிக்கொண்டே இருக்கும். ஊற்றுகிற குளோரினை அவை விழுங்கிவிடும். ஆழமான பை வைத்த வலையை மெல்ல அடியோடு ஓட்டி, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தட்டுப்படுவதை எல்லாம் எடுங்கள். எங்கள் குளத்தில் சவுக்கு ஊசிகள் மட்டும் இரண்டு கூடை வந்தன. தவளையும் வரும், பாம்பு வருவதும் உண்டு, அதனால் கையை விடாதீர்கள்.

இரண்டாவது பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். அமிலம் ஊற்றினால் அது இறங்கும். அதை 7.2 அளவுக்குக் கொண்டுவந்த பிறகே குளோரினை உயர்த்த வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள். பி.எச். 7.5-இல் குளோரினில் ஏறத்தாழப் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும், 8-இல் நாலில் ஒரு பங்கே. மற்றொன்று, குளோரின் 10 பி.பி.எம்.-ஐத் தாண்டினால் சிவப்புக் கரைசல் போட்டுப் பார்க்கும் பி.எச். சோதனை பொய்யாக உயர்த்திக் காட்டும். அதை நம்பி அமிலத்தை ஊற்றிக்கொண்டே போனவர்களின் குளத்தில் உலோக ஏணி அரித்துவிட்டது. அமிலத்தைக் கால் லிட்டர் கால் லிட்டராக, மோட்டார் ஓடும்போது ஊற்றி, அரைமணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். குளோரின் ஊற்றும் வேலையை அன்று மாலைக்கு ஒத்திப்போடுங்கள்.

மூன்றாவதாக ஸ்டெபிலைசர் அளவு தெரிய வேண்டும். சயனூரிக் அமிலம் என்பது இதன் பெயர். வெயில் குளோரினைச் சிதைக்காமல் காக்கும் குடை இது. இல்லாவிட்டால் காலையில் போட்ட குளோரினில் பெரும்பகுதி மதியத்துக்குள் போய்விடும். ஆனால் குடை பெரிதாகப் பெரிதாகக் குளோரினின் கையையும் கட்டிப்போடும். ஆகவே பாசியைக் கொல்லத் தேவையான குளோரின், ஸ்டெபிலைசர் அளவில் ஏறத்தாழ 40 சதவீதம். ஸ்டெபிலைசர் 30 என்றால் குளோரின் 12. 50 என்றால் 20. எங்கள் குளத்தில் 12 பி.பி.எம்.-க்கு 5.2 லிட்டர் திரவக் குளோரின். 20 என்றால் 8.6 லிட்டர்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரு மாலை பெரிய அளவில் ஊற்றிவிட்டு மூன்று நாள் காத்திருக்கிறார்கள். பாசி குளோரினைத் தின்னும். இரண்டு மணி நேரத்தில் 12 என்பது 4 ஆகிவிடும். அதற்குப் பிறகு மிஞ்சிய பாசி மறுபடி பெருகும். ஊற்றிய அளவு முக்கியமில்லை, அந்த மட்டத்தை இறங்கவிடாமல் பிடித்து வைப்பதே முக்கியம். முதல் நாள் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சோதித்து, குறைந்ததை நிரப்புங்கள். அடுத்த நாட்களில் காலை, மதியம், மாலை என்று போதும். நாளுக்கு ஒருமுறையாவது சுவரையும் தரையையும் தேயுங்கள். பாசி தன்மேல் ஒரு வழவழப்பான படலத்தைப் போர்த்திக்கொள்ளும். தேய்த்தால்தான் குளோரின் உள்ளே போகும். ஏணியின் பின்புறம், விளக்குக் குழி, மேலே மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மரின் உள்வாய் இவற்றை மறக்க வேண்டாம். அவை பாசியின் ஒளிவிடங்கள்.

மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 18 முதல் 20 யூனிட் ஆகும். நான்கைந்து நாளைக்கு அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ளுங்கள். விட்டு விட்டு ஓட்டி இரண்டு வாரம் இழுப்பதைவிட இது மலிவு.

பிளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால், வாளித் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படியும்வரை வைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் குளத்தில் ஊற்றுங்கள். அப்படியே கொட்டினால் பாசிக் கலங்கலோடு சுண்ணாம்புக் கலங்கலும் சேர்ந்துகொள்ளும்.

அறிகுறி: எவ்வளவு ஊற்றினாலும் பச்சை போகவில்லை, சோதனையில் குளோரின் பூஜ்யம்

இதற்குக் காரணம் நான்கு வகையில் இருக்கலாம். எளிதானதிலிருந்து பார்ப்போம்.

சோதனையே ஏமாற்றலாம். இளஞ்சிவப்பாக மாறும் டி.பி.டி. சோதனையில், குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறம் ஒரு நொடி எழும்பி வெளுத்துப்போகும். பூஜ்யம் என்று தோன்றும். ஒரு பங்கு குளத்து நீரோடு நான்கு பங்கு குளோரின் இல்லாத நல்ல நீரைக் கலந்து சோதித்து, விடையை ஐந்தால் பெருக்குங்கள். மஞ்சளாக மாறும் மலிவான சோதனைப் பெட்டியில் வேறு சிக்கல் இருக்கிறது: அது மொத்தக் குளோரினையே காட்டும். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செயலிழந்த குளோரினும் அதில் அடக்கம். மஞ்சள் பளிச்சென்று தெரிகிறது, தண்ணீரோ பச்சையாக இருக்கிறது என்றால் இதுவே காரணம். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடையும் அந்தச் செயலிழந்த குளோரினுடையதுதான். குளோரின் மிகுந்துவிட்டதென்று அதை எண்ணிவிட வேண்டாம்.

இரண்டாவது காரணம் அந்த மாத்திரை. கணக்கைப் பாருங்கள். 200 கிராம் மாத்திரை ஒன்று எங்கள் குளத்தில் சுமார் 4 பி.பி.எம். குளோரினைத் தரும், அதோடு 2.5 பி.பி.எம். ஸ்டெபிலைசரையும் விட்டுப்போகும். குளோரின் செலவாகிவிடும். ஸ்டெபிலைசர் ஆவியாகாது, வெயிலில் சிதையாது, வடிகட்டியில் சிக்காது. இரண்டு நாளுக்கு ஒரு மாத்திரை என்று போட்டால் மாதத்துக்கு 38 பி.பி.எம். சேரும். கோடையின் நான்கு மாதம் முடியும்போது 150. அந்த நிலையில் பாசியைக் கொல்ல 60 பி.பி.எம். குளோரின் வேண்டும், ஒரே முறைக்கு 26 லிட்டர். நடக்கிற காரியமா? நான் மாத்திரை வாங்கிய கடையில், பச்சையாகிறது என்று ஒவ்வொரு முறை போய்ச் சொன்னபோதும் இன்னும் இரண்டு மாத்திரை சேர்த்துப் போடச் சொன்னார்கள். ஸ்டெபிலைசரைச் சோதித்தீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கோடை முழுவதையும் அப்படி இழந்தேன். அந்த ஆதங்கத்தில்தான் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

ஸ்டெபிலைசர் 80, 100 என்று ஏறியிருந்தால் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆனால் முன்பு சொன்ன காரணத்தால் ஒரேயடியாக இறைக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை இறைத்து நிரப்புங்கள், மோட்டாரை ஓட்டிக் கலக்குங்கள், மறுபடி மூன்றில் ஒரு பங்கு. இப்படி மூன்று முறை செய்தால் 150 என்பது ஏறத்தாழ 44-க்கு வந்துவிடும். இறைக்கும் நீரில் குளோரின் இருந்தால் செடிகளுக்கும் கிணற்றுக்கும் அனுப்பாதீர்கள். புதிதாக எதுவும் ஊற்றாமல் வெயிலில் சில நாள் விட்டு, சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகு திறந்துவிடுங்கள். அதன்பின் அன்றாடத்துக்குத் திரவக் குளோரினைப் பயன்படுத்துங்கள். ஊருக்குப் போகிற வாரத்துக்கு மட்டும் மாத்திரையை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அம்மோனியா. பல மாதம் கவனிக்காமல் கிடந்த குளத்தில் சில பாக்டீரியாக்கள் ஸ்டெபிலைசரையே தின்று அம்மோனியாவாக மாற்றிவிடும். போன ஆண்டு 70 இருந்த ஸ்டெபிலைசர் இப்போது பூஜ்யம் என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கு அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரிலும் அம்மோனியா இருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது: 10 பி.பி.எம். உயரும் அளவு ஊற்றுங்கள், பத்து நிமிடம் கழித்துச் சோதியுங்கள். பாதிக்குமேல் காணாமல் போயிருந்தால் அம்மோனியாதான். பாசி இவ்வளவு வேகமாகத் தின்னாது. ஒரு பங்கு அம்மோனியாவை ஒழிக்கச் சுமார் பத்துப் பங்கு குளோரின் தேவை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊற்றிச் சோதித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் குளோரின் திடீரென நிற்கத் தொடங்கும். அங்கிருந்து வழக்கமான பாசிப் போராட்டம்.

நான்காவது, யாராவது குளோரினை முறிக்கும் பொருளைப் போட்டிருக்கலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மரியா லெங்க் மையத்தின் டைவிங் குளம் உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையானது நினைவிருக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தவறுதலாகக் கொட்டியதில் குளோரின் முறிந்து பாசி வளர்ந்தது. பக்கத்துக் குளத்தில் கலைநீச்சல் போட்டிக்காகத் தண்ணீரையே மாற்ற வேண்டியதாயிற்று. அத்தனை பேர் கவனித்த குளத்துக்கே இந்த நிலை என்றால், நம் வீட்டில் புதிதாக வந்த தோட்டக்காரரிடம் எந்தக் கேனை எதற்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லி வைப்பது அவசியம்.

அறிகுறி: பச்சைதான், ஆனால் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது

ஒரு வெள்ளை வாளியில் குளத்து நீரை மொண்டு பாருங்கள். கலங்கல் இல்லாமல் நிறம் மட்டும் இருந்தால் இது பாசி அல்ல. தாமிரமோ இரும்போ கரைந்திருக்கிறது. குளோரினை ஊற்றினால் இது போகாது, சில நேரம் மோசமாகும்.

தாமிரம் பெரும்பாலும் மயில்துத்தத்திலிருந்து வருகிறது. துணியில் முடிந்து குளத்தில் தொங்கவிடும் பழக்கம் இன்றும் உண்டு. பாசிக்கொல்லி என்று விற்கும் பல நீலத் திரவங்களிலும் இருப்பது தாமிரமே. அது பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரை விட்டுப் போகாது; சிமெண்டில் கறையாகப் படியும், நரைத்த தலைமுடியில் பச்சை ஏற்றும். பகுதி பகுதியாகத் தண்ணீரை மாற்றுவதே தீர்வு. இனி அதைப் போடாமல் இருப்பது அதைவிட நல்லது.

இரும்பு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. மொள்ளும்போது தெளிவாக இருக்கும் நீர், குளோரின் பட்டதும் பச்சையாகி, பின் தேநீர் நிறத்துக்குப் போகும். ஆகவே நிரப்புவதற்கு முன்பே ஒரு வாளி கிணற்று நீரில் சில சொட்டுத் திரவக் குளோரின் விட்டு ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். பழுப்பானால் அந்த நீரை லாரி நீரோடு கலந்து நிரப்பலாம், அல்லது குழாய் முனையில் இரும்பு வடிகட்டி பொருத்தலாம். ஏற்கெனவே குளத்தில் இருந்தால் ஸ்கிம்மர் கூடையில் கெட்டியான பஞ்சுத் துணியை விரித்து வையுங்கள். துருத் துகள் அதில் பிடிக்கும். தினமும் துணியை மாற்ற வேண்டும்.

அறிகுறி: பச்சை போய்விட்டது, தண்ணீர் பால்போல் இருக்கிறது

வாழ்த்துகள், பாசி செத்துவிட்டது. சாம்பல் கலந்த அந்த வெண்மை பாசியின் பிணங்கள். இந்தக் கட்டத்தில் பலர் சலித்துப்போய்க் குளோரினை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டே நாளில் பச்சை திரும்புகிறது. மட்டத்தை இறக்காதீர்கள். இனி வேலை வடிகட்டியுடையது.

மணல் வடிகட்டியின் அழுத்தமானியைப் பாருங்கள். கழுவி முடித்த உடனே அது காட்டும் எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட அரை பார், அதாவது 8 பி.எஸ்.ஐ. அளவு கூடும்போது பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவ வேண்டும். பாசி சாகும் நாட்களில் ஒரே நாளில் இரண்டு முறைகூட வரும். மோட்டாரை நிறுத்தாமல் வால்வுக் கைப்பிடியைத் திருப்பாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்துவிடும். பேக்வாஷ் முடிந்ததும் அரை நிமிடம் ரின்ஸ் நிலையில் ஓட்டிய பிறகே வடிகட்டும் நிலைக்குத் திரும்புங்கள். தேவைக்கு மேல் அடிக்கடி கழுவுவதும் தவறு. சற்றே அழுக்கு ஏறிய மணல்தான் நுண்துகளை நன்றாகப் பிடிக்கும்.

நான்கைந்து நாளாகியும் வெண்மை அசையவில்லை என்றால் வேறு சோதனை இருக்கிறது. ஒரு குவளைக் குளத்து நீரில் சில சொட்டு அமிலம் விடுங்கள். உடனே தெளிந்தால் அது பாசியல்ல, சுண்ணாம்பு. நம் கடினமான கிணற்று நீரில் கால்சியம் ஹைப்போகுளோரைட்டோ பிளீச்சிங் பவுடரோ சேர்ந்து, பி.எச்.-உம் ஏறியிருந்தால் இப்படி ஆகும். பி.எச்.-ஐ 7.2-க்கு இறக்கினால் ஓரிரு நாளில் போய்விடும்.

தெளியவில்லை என்றால் படிகாரம். ஆயிரம் லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் வரை வாளியில் கரைத்துச் சுற்றிலும் தெளியுங்கள். வால்வை, மணலைத் தவிர்த்துச் சுழலும் நிலையில் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். காலையில் எல்லாம் அடியில் பஞ்சுபோல் படிந்திருக்கும். அதைக் கலக்காமல், மெல்ல, வேக்குவத்தால் உறிஞ்சிக் கழிவுக் குழாய்க்கே அனுப்ப வேண்டும். வடிகட்டிக்குள் போனால் மணல் கட்டிப்படும். இதில் தண்ணீர் நிறையப் போகும் என்பதால் பக்கத்தில் குழாயைத் திறந்து வையுங்கள். படிகாரம் பி.எச்.-ஐ இறக்கும், ஆப்பசோடாவால் காரத்தன்மையைச் சரிசெய்யலாம். பாட்டி காலத்துத் தேற்றாங்கொட்டையும் இதே வேலையைத்தான் மண்பானைக்குள் செய்தது. 43,000 லிட்டருக்குத் தேய்க்கக் கை போதாது.

அறிகுறி: வேக்குவம் செய்த தூசு மறுபடி குளத்துக்குள்ளேயே வருகிறது

தண்ணீர் திரும்பும் துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள். நரநரவென்று மணல் வந்தால் வடிகட்டியின் அடியில் மணலை விட்டுத் தண்ணீரை மட்டும் வாங்கும் துளைக்குழாய் உடைந்திருக்கிறது. மணலை எடுத்து அதை மாற்ற வேண்டும். மணல் வராமல் பச்சைத் தூசு மட்டும் வந்தால், மணல் கட்டிப்பட்டு நடுவே தண்ணீர் தனக்கென்று வழி பறித்துக்கொண்டிருக்கலாம். மூடியைத் திறந்து கையால் கிளறிப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டுக்கு மேலான மணல் என்றால் மாற்றிவிடலாம். கட்டடத்துக்கு வாங்கும் ஆற்று மணலைப் போடக் கூடாது. அரை மில்லிமீட்டரை ஒட்டிய, சலித்துக் கழுவிய சிலிக்கா மணலே வேண்டும்.

அறிகுறி: தெளிந்துவிட்டது, ஆனால் ஒரே மூலையில் திரும்பத் திரும்ப வருகிறது

பச்சையாக வந்தால் அந்த மூலையில் தண்ணீர் நகரவில்லை. திரும்பும் துவாரங்களின் வாயை அந்தப் பக்கமாகத் திருப்பி வையுங்கள். படிக்கட்டை வாரம் இருமுறை தேய்த்தாலே போதும்.

நிழல் விழும் சுவரில் மஞ்சள் தூசுபோல் படிந்து, தேய்த்ததும் புகையாக எழும்பி, மறுநாள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால் அது மஞ்சள் பாசி. குளோரினுக்குச் சற்றுப் பிடிவாதம் காட்டும் வகை. வழக்கமான சிகிச்சை முடிந்த பிறகு ஒரு நாள் முழுக்க ஸ்டெபிலைசர் அளவில் 60 சதவீதம்வரை குளோரினை உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஸ்டெபிலைசர் 30 என்றால் 18. பந்து, மிதவை, தேய்க்கும் தூரிகை எல்லாவற்றையும் அந்தத் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள். நீச்சல் உடைகளைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள்.

கரும்புள்ளிகளாக, தேய்த்தாலும் போகாமல் சிமெண்டிலோ ஓட்டு இடுக்கிலோ ஒட்டியிருப்பது கரும்பாசி. உண்மையில் அது நீலப்பச்சைப் பாக்டீரியா. அதன் மேற்போர்வையைக் கிழிக்காமல் எந்தக் குளோரினும் உள்ளே போகாது. வெறும் சிமெண்டு என்றால் எஃகுக் கம்பித் தூரிகை, ஓடு, ஃபைபர் என்றால் நைலான். நாள்தோறும், வாரக்கணக்கில் தேய்க்க வேண்டியிருக்கும். ஒரு புள்ளியும் மிஞ்சாதவரை மட்டத்தை இறக்காதீர்கள்.

எப்போது இறங்கலாம்

இரவு இருட்டிய பிறகு குளோரினைச் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் முன் மறுபடி சோதியுங்கள். வெயில் இல்லாத அந்த நேரத்தில் ஒரு பி.பி.எம்.-க்கு மேல் குறைந்திருந்தால் ஏதோ ஒன்று இன்னும் அதைத் தின்றுகொண்டிருக்கிறது. தண்ணீர் எவ்வளவு பளபளத்தாலும் சிகிச்சை முடியவில்லை. ஏணியின் பின்னாலும் விளக்குக் குழியிலும் பாருங்கள்; பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். குறைவு ஒன்றுக்குள் நின்று, செயலிழந்த குளோரின் அரை பி.பி.எம்.-க்குள் இருந்து, ஆழமான முனையில் போட்ட ஒரு ரூபாய் நாணயம் பூவா தலையா என்று கரையில் நின்றே தெரிந்தால், குளோரினை அதன் போக்கில் இறங்க விடுங்கள். ஸ்டெபிலைசர் 30 உள்ள குளத்தில் அது 3 அல்லது 4-க்கு வந்ததும் கடைசியாக ஒருமுறை பேக்வாஷ் செய்துவிட்டு, கொல்லைக் கதவின் பூட்டைத் திறக்கலாம்.